கொழுப்புக்கு இலைத் தேத்தண்ணி: எந்த இலை, எவ்வளவு, எப்படி

இரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்றே வீட்டுக்கு இலைகள் வரத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக் கொப்பு முறித்துத் தருவா. தம்பலகாமத்திலிருந்து வரும் மாமா கறிவேப்பிலையை அவித்துக் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் பச்சைத் தேயிலைப் பெட்டியோடு வருவார். கிளினிக்கில் தந்த குளிசை மட்டும் அலுமாரித் தட்டில் பிரிக்காமல் கிடக்கும். அந்தக் குளிசையையும் கைவிடாமல், இந்த இலைகளையும் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

இலையை அவித்து வடித்த தண்ணி தன் பங்குக்கு இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் அளவு சிறியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் நாளைக்கு நாலைந்து தரம் உள்ளே போகும் சீனி போட்ட பால்தேத்தண்ணியின் இடத்தை அது பிடித்துக்கொண்டால் கிடைக்கும் நன்மை கணிசமானது. இலையை வடித்து எறியாமல் சாப்பிட்டால் நன்மை இன்னும் கூடும்.

முதலில் ரிப்போட்

இலையைத் தெரிவதற்கு முன், கூடியிருப்பது எது என்று பாருங்கள். "கொலஸ்ட்ரோல் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ரிப்போட்டிலோ நாலு எண்கள் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரோல் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். இரத்தக் குழாயில் படியும் எல்.டி.எல். 100க்குக் கீழே இருப்பது நல்லது; மாரடைப்பு வந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வைத்தியர் அதைவிடக் குறைந்த இலக்கு வைப்பார். நல்ல கொலஸ்ட்ரோல் என்று சொல்லும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் மேலே இருக்கவேண்டும். இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழே.

பல ஆய்வுகூடங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகின்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதுதான் அந்த எண். மொத்தம் 240, எச்.டி.எல். 40, ட்ரைகிளிசரைட் 250 என்றால் எல்.டி.எல். 240 − 40 − 50 = 150. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்குச் சரிவராது, அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கச் சொல்லவேண்டும்.

இந்தப் பிரிப்பு முக்கியம். ட்ரைகிளிசரைட் தான் கூட என்றால் சீனி, வெள்ளைச் சோறு, சாராயம் ஆகியவற்றைக் குறைத்தாலே சில வாரங்களில் எண் இறங்கும். தேத்தண்ணியை மாற்றுவது அங்கே நேரடியாக வேலை செய்யும். எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம். இலையோடு காலம் கடத்தக்கூடாத நிலை அது. உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூடப் பரிசோதிக்கவேண்டும். ட்ரைகிளிசரைட் 500க்கு மேலே என்றால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அதற்கும் உடனே வைத்தியர்தான். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். உடம்பு பாரித்து, களைத்து, தோல் வறண்டு இருப்பவர்கள் தைரொயிட் பரிசோதனையையும் கேட்டுச் செய்வது நல்லது. காரணம் அங்கே இருக்கும்போது எந்த இலையை அவித்தும் பலன் வராது.

வடித்த தண்ணியில் என்ன இருக்கிறது

கொழுப்பைக் குறைக்க இலையில் உள்ள முக்கியமான பொருட்கள் இரண்டு. ஒன்று நார். மற்றது தாவரக் கொலஸ்ட்ரோல் என்று சொல்லக்கூடிய ஸ்டெரோல். நார் சக்கையோடு வடியில் நின்றுவிடும். ஸ்டெரோல் கொழுப்பில் கரைவது, தண்ணியில் இறங்காது. ஆகவே வடித்த தண்ணிக்குள் வருவது நிறம், துவர்ப்பு, மணம், கொஞ்சம் உப்புச்சத்து, பொலிபீனோல் என்ற துவர்ப்புப் பொருட்கள் மட்டும்தான். பச்சைத் தேயிலையில் இந்தப் பொலிபீனோல் நிறைய உண்டு. அது குடலில் கொலஸ்ட்ரோல் கரைந்து உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும். அதனால்தான் இலைத் தேத்தண்ணிகளில் மனிதரிடம் ஓரளவு நிரூபணம் உள்ளதாகப் பச்சைத் தேயிலை நிற்கிறது.

தண்ணியில் வருவது எல்.டி.எல்.லை ஏற்றவும் கூடும். கோப்பித்தூளை அவித்து வடிதாள் இல்லாமல் குடித்தால் அதிலுள்ள கஃபெஸ்டோல் என்ற எண்ணெய்ப் பொருள் எல்.டி.எல்.லைக் கூட்டும். தாளில் வடித்தால் அது தாளிலேயே தங்கிவிடும். நாளைக்கு மூன்று நாலு கோப்பை அடிவண்டலோடு கோப்பி குடிப்பவர், இலை தேடுவதற்கு முன் அதை நிற்பாட்டிப் பார்க்கலாம்.

இனிச் சீனிக் கணக்கு. கடைத் தேத்தண்ணி ஒன்றில் குவித்துப் போட்ட இரண்டு தேக்கரண்டிச் சீனி சுமார் 10 கிராம். காலையில், பத்து மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, நாலு மணிக்கு, பொழுதுபட்ட பின் என்று ஐந்து தரம் குடித்தால் 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ சீனி, தேத்தண்ணிக்கு மட்டும். தேவைக்கு மிஞ்சிய சீனியை ஈரல் கொழுப்பாக்கி ட்ரைகிளிசரைட்டாக இரத்தத்துக்குள் விடும். முழுக்கொழுப்புப் பால்மா குவித்த மேசைக்கரண்டி ஒன்றில் ஏறக்குறைய இரண்டரைக் கிராம் கொழுப்பு உண்டு, அதில் பெரும்பங்கு எல்.டி.எல்.லைக் கூட்டும் வகை. ரின்பால் விட்டால் அதற்குள் ஏற்கெனவே சீனி பாதியளவு இருக்கிறது. இலைத் தேத்தண்ணிக்கும் பனங்கட்டி கடித்துக் குடித்தால் கணக்கு மாறாது. பனங்கட்டியும் கித்துள் பாணியும் தேனும் ஈரலுக்குச் சீனிதான்.

ஒரே நாளில் ஐந்தையும் மாற்றினால் தலையிடி வந்து மூன்றாம் நாள் பழையபடி கடைக்குப் போகவேண்டிவரும். முதல் வாரம் பத்து மணித் தேத்தண்ணியை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் வாரம் நாலு மணியையும். மிச்சமுள்ள காலைத் தேத்தண்ணியில் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டால், அல்லது ஏலக்காய் ஒன்று போட்டால், சீனி இல்லாத வெறுமை தெரியாது.

பச்சைத் தேயிலை

2011 இல் 14 ஆய்வுகளைத் தொகுத்து வந்த பகுப்பாய்வில், பச்சைத் தேயிலை எடுத்தவர்களின் மொத்தக் கொலஸ்ட்ரோல் சராசரியாக 7 மில்லிகிராமும் எல்.டி.எல். 2 மில்லிகிராமும் குறைந்திருந்தன. எச்.டி.எல். மாறவில்லை. பின்னர் வந்த தொகுப்புகளில் எல்.டி.எல். குறைவு 4, 5 வரை போகிறது. 160 உள்ளவருக்கு 155. ஒப்பிட்டுப் பாருங்கள்: கொழுப்புக்குக் கிளினிக்கில் தரும் அற்றோவாஸ்டற்றின் குளிசை, நாளைக்கு 10 மில்லிகிராம், எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும். 160 உள்ளவர் 100 அளவுக்கு வருவார். தேயிலையைக் குடிக்கவேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. குளிசையை வைத்துவிட்டுத் தேயிலையை நம்பினால் எவ்வளவு இழப்பு என்று தெரியவேண்டும்.

அளவு: 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டி, அதாவது 2 கிராம் இலை. நாளைக்கு மூன்று கோப்பை. தண்ணி கொதிநிலையில் இருக்கக்கூடாது. 80 பாகை செல்சியஸ் போதும். வெப்பமானி தேவையில்லை. கொதித்த தண்ணி 140 மில்லிலீற்றரும் முட்டித் தண்ணி 60 மில்லிலீற்றரும் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். வீட்டு அளவில் சொன்னால் ஏழு பங்கு கொதிதண்ணிக்கு மூன்று பங்கு பச்சைத் தண்ணி. இலையைப் போட்டு மூடி இரண்டரை நிமிடம் வைத்து வடியுங்கள்.

கயர்த்துப் போகிறது என்று பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுவது, கொதிக்கும் தண்ணியை ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுவதால்தான். கறுப்புத் தேயிலைக்குச் செய்வதுபோல் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் குடிக்கவே முடியாது.

இன்னொரு தடங்கல் தண்ணி. நிலாவெளி, குச்சவெளிக் கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணி சவர். கல்நிலப் பக்கத்தில் கடினம். அந்தத் தண்ணியில் ஊற்றினால் பச்சைத் தேயிலை பத்து நிமிடத்தில் மண்ணிறமாகும், மேலே எண்ணெய் மினுங்குவதுபோல் மெல்லிய படலம் மிதக்கும். கரண்டியால் தொட்டால் அது கண்ணாடிச் சில்லுப்போல் உடைந்து கோப்பை ஓரத்தில் ஒட்டும். இலை கொழுப்பைக் கக்குகிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அது தண்ணியின் சுண்ணாம்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்த படை. தேசிக்காய் நாலு துளி விட்டால் கலைந்துவிடும். தேசிப்புளி பொலிபீனோல் கெடாமலும் காக்கும். குழாய்த் தண்ணி கிடைக்குமானால் அதையே எடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் சவர்த்தண்ணியில் எந்தத் தேத்தண்ணியும் போடாதிருப்பது நல்லது.

குடிக்கும் நேரமும் முக்கியம். சோற்றோடு குடித்தால் மரக்கறியிலுள்ள இரும்புச்சத்தைத் தேயிலைத் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் இரும்புக் குளிசை எடுப்பவர்களும் சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கவேண்டும். தைரொயிட் குளிசை வெறும் வயிற்றில் தண்ணியோடு மட்டும்; தேத்தண்ணி அதற்கு அரை மணி முதல் ஒரு மணி கழித்து. நாலு மணிக்குப் பிறகு பச்சைத் தேயிலை குடித்தால் சிலருக்கு நித்திரை வராது. எந்தத் தேத்தண்ணியையும் 65 பாகைக்கு மேலே, நாக்குச் சுடச்சுடக் குடிக்கவேண்டாம். உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு அந்தச் சூட்டுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல் வகைப்படுத்தியிருக்கிறது.

முருங்கை

முருங்கை இலைக்குக் கொழுப்பு விஷயத்தில் பெரிய பெயர் இருக்கிறது. அதன் பின்னால் உள்ளவை பெரும்பாலும் விலங்குகளில் செய்த சோதனைகளும், மனிதரில் செய்த மிகச் சிறிய ஆய்வுகளும்தான். அவற்றிலும் பெரும்பாலும் கொடுத்தது இலைத்தூள், வடித்த தண்ணியல்ல. ஆகவே முருங்கையைக் குடிப்பதைவிடச் சாப்பிடுவதே மேல்.

இரண்டு கைப்பிடி உருவிய இலை, ஆறு சின்னவெங்காயம், ஒரு பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி எண்ணெய். வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, தண்ணி தெளித்து மூன்று நாலு நிமிடம் கிண்டி, இறக்கும்போது தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி. அரை மூடித் தேங்காயைத் திருவிப் போட்டுச் சுண்டினால் இலையால் வரும் நன்மையைத் தேங்காயின் கொழுப்பு தின்றுவிடும். வல்லாரைச் சம்பலுக்கும் இதே அளவுதான். இலைக்கஞ்சி என்றால் கைப்பிடி தவிட்டரிசிக்கு ஒரு கைப்பிடி இலையை அரைத்து, சாற்றை மட்டும் பிழியாமல் சக்கையோடு விடுங்கள். தேங்காய்ப்பால் முதற்பால் வேண்டாம், மூன்றாம் பால் போதும்.

இலையின் நார் மட்டும் போதாது. கரையும் நார் நாளைக்கு 5 முதல் 10 கிராம் வரை கூடினால் எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். அது வெண்டிக்காய், பயறு, கௌபி, பருப்பு, ஓட்ஸ், ஊறவைத்த வெந்தயம் ஆகியவற்றில் நிறைய உண்டு. மூன்று கோப்பை பச்சைத் தேயிலையை விட ஒரு கிண்ணம் அவித்த கௌபி கொழுப்புக்குக் கூட வேலை செய்யும்.

தேத்தண்ணியாகவும் வேண்டும் என்பவர்கள் உலர்ந்த இலை ஒரு தேக்கரண்டியைக் கொதித்த தண்ணி 200 மில்லிலீற்றரில் ஐந்து நிமிடம் மூடிவைத்து, வடிக்காமல் இலையோடு குடிக்கலாம். நாளைக்கு இரண்டு கோப்பை. கஃபீன் இல்லை, இரவிலும் குடிக்கலாம். வேரும் பட்டையும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அவை கூடவே கூடாது.

உலர்த்துவது

இலைத் தேத்தண்ணி கெட்டுப்போவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையில் இலை உலர்த்துவது சுலபம். ஐப்பசி கார்த்திகையில் மாரி தொடங்கினால் தை வரை உலர்த்தவேண்டாம்; பச்சை இலையாகவே பயன்படுத்துங்கள்.

இளம் இலையுமின்றி முற்றலுமின்றி நடுப்பருவ இலையைக் காலையில் பனி காய்ந்த பின் பறியுங்கள். கழுவி, உதறி, பருத்திச் சீலையில் ஒரே படையாகப் பரப்பி, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயில் வேண்டாம்: வெயிலில் காய்ந்த இலை வைக்கோல் நிறமாகி, வைக்கோல் மணமே அடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் புரட்டிவிட்டால் மூன்று நாலு நாளில் காய்ந்துவிடும். 100 கிராம் பச்சை முருங்கை இலையில் உலர்ந்தபின் 25 கிராம் அளவுதான் மிஞ்சும். அதைவிடக் கூட நிறுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்ததைக் கையில் நசித்தால் சரசரவென்று நொறுங்கவேண்டும். வளைந்து மடிந்தால் ஆகவில்லை. இன்னொரு சோதனை உண்டு. இலையைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து இறுக்கி மூடி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். உள்பக்கக் கண்ணாடியில், மூடிக்குக் கீழே, ஊசிமுனை அளவில் வியர்வை பூத்தால் இலையை வெளியே எடுத்து இன்னும் ஒரு நாள் உலர்த்தவேண்டும். அந்த ஈரத்தோடு வைத்தால் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தெறிந்து மிச்சத்தை அவிப்பது கூடாது, போத்தலோடு கொட்டிவிடுங்கள். பூஞ்சணத்தின் நஞ்சு சில கொதித்தாலும் போகாது, அது ஈரலைத் தாக்கும். சரியாக உலர்ந்தது மூன்று மாதம் நிற்கும்.

எங்கே பறிக்கிறோம் என்பதும் பார்க்கவேண்டியது. தம்பலகாமம், கந்தளாய் வயல் வரம்புகளில் களைநாசினி அடித்த போகத்தில் இலை பறிக்கவேண்டாம். பெருந்தெருவோரத்து இலையும் வேண்டாம். முற்றத்து மரம் எல்லாவற்றிலும் நல்லது.

மற்ற இலைகள்

கறிவேப்பிலை: கொழுப்பைக் குறைப்பதாகக் காட்டியவை எலிகளில் செய்த ஆய்வுகள். பதினைந்து இருபது இலையை ஐந்து நிமிடம் அவித்துக் குடிப்பதில் தீங்கில்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். கறியில் கிடப்பதை ஓரமாக எடுத்து வைக்காமல் சாப்பிடுங்கள்.

செவ்வரத்தை: இங்கே பெயர்க் குழப்பம் நடக்கிறது. இரத்த அழுத்தத்தையும் எல்.டி.எல்.லையும் கொஞ்சம் குறைப்பதாக ஆய்வுகளில் வருவது புளிச்சை இனச் செடியொன்றின் சிவந்த, புளிப்பான புல்லிவட்டம். பூ விழுந்தபின் காயைச் சுற்றித் தடித்து நிற்பது. வேலியில் பூக்கும் செவ்வரத்தை அதன் உறவு, அது அல்ல. வேலிப் பூவைத் தேத்தண்ணி போட்டால் நிறம் அழகாக வரும். அந்த ஆய்வுகளின் பலனை அதிலிருந்து எதிர்பார்க்கமுடியாது. புளிச்சைப் புல்லிவட்டத்தை அலுமினியச் சட்டியில் அவிக்கவேண்டாம், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் அதைக் குடித்துத் தலைசுற்றினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

சிறுகுறிஞ்சா: இதன் வேலை கொழுப்புக்கல்ல, இரத்தத்திலுள்ள சீனிக்கு. குறிஞ்சா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் சந்தைக்கு வரும். வாங்கியது சிறுகுறிஞ்சாதானா என்று நாக்கில் பார்க்கலாம். இரண்டு இலையை ஒரு நிமிடம் நன்றாகச் சப்பித் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டுச் சீனி கொஞ்சம் நாக்கில் வையுங்கள். மணலை வைத்ததுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் இனிப்பை உணரும் இடத்தை அடைத்துக்கொள்வதால் அரை மணித்தியாலத்துக்கு மேல் இனிப்புத் தெரியாது. பின்னேரம் பலகாரத்துக்குக் கை நீள்பவர்களுக்கு இது உதவும். ஆனால் நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் வைத்தியரிடம் சொல்லாமல் நாளாந்தம் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி, வியர்த்து நடுங்கி விழவும் கூடும்.

தேங்காய்ப்பூக்கீரை, சிங்களத்தில் பொல்பலா: சலத்தைப் போக்கும் இலை. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்ப மனிதரில் ஆதாரம் இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக்கூடாது. பதவி சிறிபுர பக்கம் போல, காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள இடங்களில் இருப்பவர்கள் எந்த இலையையும் நாளாந்தம் அவிக்க முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாற்றினின் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.

ஆவரசு, ரணவர என்று பைக்கற்றில் விற்பது: இதைத் தினமும் குடிப்பதைப் பரிந்துரைக்கமாட்டோம். இலங்கையின் மூலிகைகளைப் பற்றி 1981 இல் வெளியான ஆய்வொன்று, ஈரலைத் தாக்கும் பைரொலிசிடின் அல்கலொயிட் வகைப் பொருட்கள் இருந்த செடிகளில் ஆவரசையும் சேர்த்திருக்கிறது. எப்போதாவது ஒரு கோப்பை வேறு. மாதக்கணக்கில் காலை மாலை என்பது வேறு.

தொடக்கூடாதவை

பிளிங்காய்ச் சாறு. கொலஸ்ட்ரோலுக்கு நல்லது என்று பச்சைப் பிளிங்காயைப் பிழிந்து குடிக்கும் வழக்கம் கேரளத்தில் பரவியது. 2013 இல் அங்கிருந்து வந்த மருத்துவ அறிக்கை, அப்படிக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றியது. அவர்களில் 7 பேருக்கு டயலிசிஸ் செய்யவேண்டி வந்தது. காயிலுள்ள ஒட்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்ததுதான் காரணம். மீன்கறிக்குப் புளியாக இரண்டு காய் போடுவதற்கும் வெறும் வயிற்றில் ஒரு கோப்பைச் சாறு குடிப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. காமரங்காய்ச் சாறும் இதே ரகம்.

பச்சைத் தேயிலைச் சத்துக் குளிசைகள். தேத்தண்ணியாகக் குடிப்பதில் பயமில்லை. அதே பொருளைச் செறிவாக்கி, தேயிலையின் முக்கியப் பொலிபீனோலான ஈ.ஜி.சி.ஜி. நாளைக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும்படி எடுத்தால் ஈரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் சுட்டிக்காட்டியது.

மெலிவுத் தேத்தண்ணிப் பைக்கற்றுகள். பலவற்றில் நிலாவரை இருக்கும். வயிற்றால் போவதால் எடை குறைந்ததுபோல் தெரியும். குறைவது தண்ணியும் பொற்றாசியமும். இரத்தக் கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே என்ன இலை, எத்தனை கிராம் என்று எழுதாத எந்தப் பைக்கற்றையும் வாங்கவேண்டாம்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் குளிசை எடுப்பவர்கள் கீரை சாப்பிடலாம், ஆனால் வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக. திடீரென்று முருங்கை இலைத்தூளை நாளுக்கு மூன்று கரண்டி சேர்த்தால் அதிலுள்ள விற்றமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

சித்த மருந்து எடுக்க விரும்புபவர்கள் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. முறையாகப் படித்தவர்கள் இங்கே இருக்கும்போது முகநூலில் பார்த்த இலையை அவிக்கத் தேவையில்லை. கிளினிக்கிலும் மறைக்கவேண்டாம். "டொக்டர், இந்த இலையை மூன்று கிழமையா அவிச்சுக் குடிக்கிறன்" என்று சொல்லி, இலையையும் உறையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் மாறலாம், இலை மாறாது.

கண் மஞ்சளித்தால், சலம் கடும் தேத்தண்ணி நிறமாகப் போனால், உடம்பு கடித்துப் பசி அற்றுப்போனால் இலையை அன்றே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அற்றோவாஸ்டற்றின் போன்ற ஸ்டற்றின் வகைக் குளிசை எடுப்பவருக்குத் தசைகள் கடுமையாக நொந்து சலமும் கறுத்தால் அதற்கும் இதே அவசரம்.

பன்னிரண்டு கிழமை

பலன் வந்ததா என்று சொல்வது இரண்டாவது பரிசோதனைதான். தேத்தண்ணியை மாற்றிய நாளைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து, 12 கிழமை கழித்து அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். முதல் தரம் எத்தனை மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தீர்களோ அதே அளவு இரண்டாம் தரமும். 10 முதல் 12 மணித்தியாலம் போதும். அந்த நேரத்தில் வெறும் தண்ணி மட்டும், சீனி போடாத தேத்தண்ணியும் வேண்டாம். முதல்நாள் கலியாண வீட்டுச் சாப்பாடு, சாராயம் இரண்டும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றிக் காட்டும். காய்ச்சல் வந்து மாறி இரண்டு மூன்று கிழமைக்குள் செய்தால் கொலஸ்ட்ரோல் எண்கள் பொய்யாகக் குறைந்திருக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு மாதத்தில் எடுத்த ரிப்போட்டைச் சாதாரண மாதத்து ரிப்போட்டோடு ஒப்பிடவேண்டாம். சாப்பாட்டு நேரமும் எடையும் மாறியிருக்கும்.

இந்த 12 கிழமைக்குள் குளிசையின் அளவை மாற்றியிருந்தால் எந்த மாற்றம் எதனால் என்று பிரிக்கமுடியாது. ஆகவே வைத்தியர் மாற்றச் சொல்லாத வரை குளிசை அப்படியே போகட்டும்.

ஒருவருக்கே ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இடையில் எல்.டி.எல். 7 முதல் 10 சதவீதம் வரை தானாக ஏறி இறங்கும். 150, 143 ஆனால் அதை மாற்றமாக எடுக்கவேண்டாம். 150, 125 ஆனால் எடுக்கலாம். ட்ரைகிளிசரைட்டின் ஆட்டம் இதைவிடப் பெரிது. 250, 220 ஆனதை நம்பவேண்டாம், 250, 160 ஆனால் சீனி குறைந்தது வேலை செய்திருக்கிறது. ட்ரைகிளிசரைட் இறங்கி எல்.டி.எல். அசையாமல் நிற்பது நிறையப் பேருக்கு நடப்பது. அப்போது இலையின் அளவைக் கூட்டாமல் இரண்டு ரிப்போட்டையும் கொப்பியோடு கொண்டுபோய், குளிசையின் அளவைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.